பெட்டிக்குள் இருந்த ஐந்து மடல்கள்

எழுதி முடித்து, உறையிலிட்டு, மேலே முகவரியும் தீட்டி, ஆனால் அஞ்சலில் சேர்க்காமல் பெட்டிக்குள் வைத்துவிட்ட ஒரு மடல் யாருக்கு உரியது? எழுதியவருக்கா? உறையின்மேல் எவர் பெயர் காணப்படுகிறதோ அவருக்கா? வேறொருவர் அதனை எடுத்துத் தாமாகவே அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டால் அவர் செய்ததற்குப் பெயர் என்ன? களவா, விளையாட்டா, உதவியா?

இவ்வினா சட்ட நூல் எதிலிருந்தும் எழுந்ததன்று. அமெரிக்கப் பள்ளி மாணவி ஒருத்தியைப் பற்றிய, சிரித்துக்கொண்டே படித்து முடித்துவிடக்கூடிய ஒரு காதற் கதையிலிருந்து எழுந்தது. ஜென்னி ஹான் என்னும் கொரிய வழி அமெரிக்க எழுத்தாளர் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவல் அது. ‘டு ஆல் த பாய்ஸ் ஐவ் லவ்ட் பிஃபோர்’ என்பது தலைப்பு. ‘முன்பு நான் நேசித்த பையன்கள் அனைவருக்கும்’ என்று தமிழில் சொல்லலாம். 2015இலும் 2017இலும் இதன் தொடர்ச்சியாக இரு நாவல்கள் வந்தன. 2018இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் திரைப்படமாக வெளியிட்ட பின்னர் உலகெங்கும் உள்ள இளையோர் இக்கதையை அறிந்துகொண்டனர். நம் வீட்டுப் பிள்ளைகளிலும் பலர், நமக்குத் தெரிந்தோ தெரியாமலோ, கைபேசியில் இதைப் பார்த்திருக்கக் கூடும்.

பள்ளிக்கூடத்துப் பையனும் பெண்ணும் கை கோத்துத் திரியும் கதைக்கு இவ்வேட்டின் பக்கங்களைச் செலவிட வேண்டுமா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் இருப்பர். அந்நாட்டுப் பழக்கங்கள் நமக்கு ஏற்றவை என்று நாம் சொல்ல வரவில்லை. அது அனைவரும் அறிந்த செய்தி, அதில் நேரம் போக்க வேண்டியதில்லை. ஆனால், கனமான நூல்கள் தொடத் தயங்கும் ஒரு பொருளை இலேசான நூல் சில வேளைகளில் அநாயாசமாகத் தொட்டுவிடுகிறது. இந்நாவலும் அத்தகையது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு வீடு. தகப்பனார் மகப்பேறு மருத்துவர். கொரியக் குடும்பத்தில் பிறந்தவரான தாய் சில ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். பெண் மக்கள் மூவர். மூத்தவள் மார்கோ, தாய் போன பின்பு வீட்டையே தாங்கி நடத்தியவள். இப்போது ஸ்காட்லாந்துக்குக் கல்லூரிப் படிப்புக்காகச் செல்கிறாள். இளையவள் கிட்டி, வாய்த்துடுக்கும் பிடிவாதமும் உள்ள சிறுமி. இருவருக்கும் நடுவில் பதினாறு வயது லாரா ஜீன். அடுமனைப் பண்டங்கள் செய்வதில் ஆசை, கார் ஓட்டுவதில் அச்சம், வீட்டைவிட்டு வெளியே போவதைக் காட்டிலும் வீட்டிலிருந்து கனவு காண்பதில் விருப்பம். இவையே அவள் இயல்பு.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எவன்மீதேனும் மனம் சென்று, அந்த எண்ணம் தன்னை வாட்டத் தொடங்கினால், அவனுக்கு ஒரு மடல் எழுதுவாள். ஒன்றையும் ஒளிக்காமல் எழுதுவாள். ஏனெனில் அவன் அதைப் படிக்கப் போவதில்லை. எழுதி முடித்ததும் உறையிலிட்டு, தாய் வாங்கித் தந்த தொப்பிப் பெட்டி ஒன்றில் வைத்து மூடிவிடுவாள். அத்தோடு அந்த எண்ணமும் தீர்ந்துவிடும். பெயரளவில் அவை காதல் மடல்கள். உண்மையில் விடை கொடுக்கும் மடல்கள். இப்படி ஐந்து சேர்ந்திருந்தன. நூலாசிரியரே தம் இளமையில் இவ்வாறு எழுதி வைக்கும் பழக்கமுடையவராய் இருந்ததாகக் கூறியிருக்கிறார்.

ஒரு நாள் ஐந்து மடல்களும் அஞ்சலில் போய்விடுகின்றன.

அவற்றுள் நால்வருக்குச் சென்றவை நாணத்தை மட்டுமே தந்தன எனலாம். ஒன்று மட்டும் நெருப்பு. அது பக்கத்து வீட்டு ஜோஷ் என்பவனுக்கு எழுதப்பட்டது. அவன் அக்காள் மார்கோவின் காதலனாக இருந்தவன்; ஸ்காட்லாந்துக்குப் புறப்படுமுன்தான் மார்கோ அவனைப் பிரிந்தாள். தங்கை தன் காதலனை மனத்தில் வைத்திருந்தாள் என்று அக்காள் அறிய நேர்ந்தால் என்னாகும்? இந்த அச்சத்தில் லாரா ஜீன், மடல் பெற்ற மற்றொருவனான பீட்டரைத் தான் நேசிப்பதாகக் காட்டிக்கொள்கிறாள். பீட்டருக்கோ தன்னை விட்டுப் போன ஜெனவீவ் என்பவளுக்குப் பொறாமை மூட்ட வேண்டும். ஆகவே இருவரும் நிபந்தனைகளைத் தாளில் எழுதி ஒப்பந்தம் செய்துகொண்டு, ஊரார் கண்ணுக்குக் காதலர்களாக நடிக்கின்றனர். நடிப்பு மெய்யாகிறது. இளையோர் கதைகளில் எப்போதும் அப்படித்தான். அதை முன்கூட்டியே சொன்னதால் வாசகர் எதையும் இழந்துவிட மாட்டார்.

மடல்களை அனுப்பியவர் யார்? சிறுமி கிட்டிதான். இங்கே நூலுக்கும் திரைப்படத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாவலில் அக்காள் தன்னைக் கேலி செய்த கோபத்தில் பழி வாங்குவதற்காக அனுப்புகிறாள். திரைப்படத்திலோ, அக்காள் தனிமையில் வாடுகிறாளே, அவளுக்கு ஒரு வாழ்வு அமையட்டுமே என்ற பரிவில் அனுப்புகிறாள். செயல் ஒன்றே, நெஞ்சம் மட்டும் மாற்றப்பட்டுவிட்டது. படத்தை ஆக்கியோர் ஏன் மாற்றினர் என்று நாம் ஊகிக்கத் தேவையில்லை. ஆனால் இம்மாற்றத்தால் பார்ப்பவர் மனத்தில் கிட்டியின் குற்றம் கரைந்துபோகிறது. நல்ல எண்ணம் இருந்தது, முடிவும் நன்றாயிற்று, இனி என்ன குறை என்று சிரித்துவிட்டு எழுந்து விடுகிறோம்.

நம் மத்ரஸாக்களில் ஹதீஸ் கலையில் அடியெடுத்து வைக்கும் மாணவன் முதன்முதல் பாடம் கேட்பதே நிய்யத் பற்றிய நபிமொழியைத்தான். செயல்களின் மதிப்பு எண்ணத்தைப் பொறுத்தது என்பதை அவன் பதின்வயதிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறான். ஆனால் அதற்கு எல்லை எது என்பது அவனுக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்குகிறது. இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் இஹ்யாவில் இதனைத் தெளிவாக்கியிருக்கிறார்கள். எண்ணம் ஆகுமான செயலை வணக்கமாக உயர்த்தும். கூடாத செயலை ஆகுமானதாக்க அதற்கு வலிமையில்லை. பிறர் பணத்தை எடுத்து ஏழைக்குக் கொடுத்தவன் ஏழையிடம் இரக்கம் உள்ளவனாக இருக்கலாம்; பணத்துக்கு உரியவனிடம் அவன் களவு செய்தவனே. கிட்டியின் பரிவு மெய்யானது என்றே கொள்வோம். அப்போதும், அவள் கையில் இருந்தது அவளுடைய பொருள் அன்று.

ஒரு தடை இங்கே எழும். லாரா ஜீன் வெறுமனே எழுதி வைத்திருந்தால் அது நாட்குறிப்பு. முகவரி எழுதினாளே, அது எதற்கு? எங்கோ ஆழத்தில், இது போய்ச் சேரட்டும் என்று அவள் விரும்பியதனால் அன்றோ? அப்படியானால் தங்கை செய்தது அக்காளின் உள்விருப்பத்தை நிறைவேற்றிய செயல்தானே?

இத்தடையைக் கேட்டதும் ஃபிக்ஹுக் கிதாபுகளில் வரும் ஹிபா என்னும் அன்பளிப்புப் பாடம் நம் நினைவுக்கு வந்தது. ஒருவர் ஒரு பொருளை இன்னாருக்கு என்று வாயால் சொல்லிவிட்டார். துணியில் சுற்றி வைத்தும் விட்டார். பெறுபவர் கைக்கு அது இன்னும் போகவில்லை. அப்பொருள் யாருடையது? ஷாஃபியீ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் விடை ஒன்றே: கொடுத்தவருடையதே. ஒப்படைப்பு நிகழும் வரை அன்பளிப்பு முழுமை பெறுவதில்லை. அந்த ஒப்படைப்பும் கொடுப்பவரின் இசைவோடு நிகழ வேண்டும். சுற்றி வைத்த பொருளை அண்டை வீட்டார் ஒருவர் தாமாக எடுத்துச் சென்று கொடுத்தால், கொடுத்தவர் கொடுத்ததாக ஆகாது. ‘அவர் மனத்தில் கொடுக்கும் எண்ணம் இருந்தது’ என்ற வாதம் அங்கே எடுபடாது. நம் முன்னோர் ஏன் இவ்வளவு கண்டிப்புக் காட்டினர்? மனிதனின் விருப்பத்துக்கும் அவன் முடிவுக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் அவன் தயங்குகிறான், மறுபடி எண்ணுகிறான், மனம் மாறுகிறான். அது அவனுக்கே உரிய இடம்.

முகவரி எழுதிய கை, அஞ்சல் தலை ஒட்டும் முன் நின்றுவிடுவதற்கு உரிமையுடைய கை. லாரா ஜீனின் உள்ளத்தில் பாதி விருப்பம் இருந்ததென்றே வைத்துக்கொண்டாலும், மறு பாதியை நிரப்ப வேண்டியவள் அவளே.

காதலைப் பற்றி எழுதிய மார்க்க அறிஞர் ஒருவரும் நமக்கு இங்கே துணை வருகிறார். குர்துபாவில் 994ஆம் ஆண்டு பிறந்த இப்னு ஹஸ்ம், சட்டத்தில் சொல்லுக்குச் சொல் கறார் காட்டியவர், ளாஹிரீ வழியினர். அவரே இளமையில் ‘தவ்குல் ஹமாமா’ என்ற நூலை இயற்றினார். புறாவின் கழுத்து வளையம் என்பது அதன் பொருள். முப்பது இயல்கள் கொண்ட அந்நூல் காதலின் அடையாளங்கள், தூதர், குற்றம் கூறுவோர், வேவு பார்ப்போர், கோள் சொல்வோர் என்று காதலரைச் சூழும் அனைவரையும் ஆராய்கிறது. மடல் எழுதுவதற்கென ஓர் இயல், மறைத்து வைப்பதற்கென ஓர் இயல், வெளிப்படுத்திவிடுவதற்கென இன்னோர் இயல். இன்று லைடன் நகரில் பாதுகாக்கப்படும் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியினால்தான் இந்நூல் நமக்குக் கிடைத்தது, 1914இல் அச்சேறியது. அக்காலத்துக் காதலர் மடலைப் படித்தவுடன் கிழித்தும் நீரில் கரைத்தும் தடயம் இல்லாமல் ஆக்கிவிடுவர் என்று இப்னு ஹஸ்ம் எழுதுகிறார். பிறர் கையில் சிக்கிய மடலால் எத்தனையோ மானக்கேடு நேர்ந்ததை அவர் கண்டிருந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூஸில் எழுந்த அதே அச்சம், வர்ஜீனியாப் பெண்ணின் தொப்பிப் பெட்டியின்மீதும் கவிந்திருக்கிறது. அவர்கள் நீரில் கரைத்தனர். இவள் பெட்டியில் வைத்து நம்பினாள்.

மானக்கேடு என்று சொன்னோம். கதை எவ்வளவு இலேசானதாயினும், அதுவும் இதில் வருகிறது. ஒப்பந்தம் செய்து நடித்தால் யாருக்கும் கேடில்லை என்று இருவரும் எண்ணினர். பள்ளிப் பனிச்சறுக்குச் சுற்றுலாவுக்குப் பின் நடவாத ஒன்று நடந்ததாக வதந்தி கிளம்புகிறது. அடுத்த நாவலில் அது காணொளியாகவே இணையத்தில் பரவுகிறது. இருவரும் சேர்ந்து ஆடிய நாடகத்தின் பழி ஒருத்தியின் தலையில் மட்டுமே விழுகிறது. பையனுக்கு அதனால் தோள்தட்டல். பெண்ணுக்குக் குத்தல் மொழி. மார்கோ விடுமுறைக்கு வீடு திரும்பியதும் ஜோஷ் பற்றிய செய்தியும் வெளிவந்து, உடன்பிறந்தார் இருவர் நெஞ்சமும் புண்படுகின்றன. இவையெல்லாம் ஒரு பெட்டி திறக்கப்பட்டதன் விளைவு. கதாசிரியர் இரக்கமுள்ளவராதலால் எல்லாவற்றையும் சீர் செய்துவிடுகிறார். கிட்டி மடலைப் போடும்போது இந்த நல்ல முடிவு அவள் கையில் இருக்கவில்லை. ஜோஷின் மடல் அக்காள் தங்கையரை ஆயுளுக்கும் பிரித்திருந்தால், அதே பரிவு, அதே செயல், நாம் சிரித்திருப்போமா?

இனி, இக்கதையை நாம் படிக்க நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடலாம். சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் மார்க்கக் கல்வி கற்ற ஒரு மாணவியின் தகப்பனார் மக்ரிப் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி வந்தார். கையில் இந்நாவல்.

“ஹஜ்ரத், இது என் மகள் பையிலே இருந்தது. கூடவே ஒரு நோட்டும் இருந்தது. அதையும் படித்துப் பார்த்தேன். இவளை இனிமேல் பள்ளிக்கூடம் அனுப்பலாமா, நிறுத்திவிடட்டுமா?” என்றார்.

“நோட்டில் யார் பெயராவது இருந்ததா, பாய்?”

“பெயர் ஒன்றும் இல்லை. யாரையோ நினைத்து எழுதின மாதிரி இருக்கிறது. யாரையும் நினைக்காமல் எழுதின மாதிரியும் இருக்கிறது.”

“நீங்கள் படித்தது மகளுக்குத் தெரியுமா?”

அவர் விடை சொல்லவில்லை. நாவலை வைத்துவிட்டுப் போங்கள், படித்துவிட்டுச் சொல்கிறோம் என்றோம். நோட்டைப் பற்றி மட்டும் அன்றே சொன்னோம்: “எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். படித்தேன் என்று அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவளாகக் கண்டுபிடிக்க விட்டுவிடாதீர்கள்.”

அந்தத் தகப்பனாரின் கவலையை நாம் எள்ளி நகையாடவில்லை. பெண் மக்களைப் பெற்றவர் நெஞ்சில் எரியும் நெருப்பை நாம் அறிவோம். ஆனால் அவர் ஒரு வினாவைத்தான் கேட்டார். அவர் கையில் இருந்தவை இரண்டு. புத்தகம் படிக்கத் தகுந்ததா என்பது ஒன்று. அதைக் கடையில் வாங்கி எவரும் படிக்கலாம், உட்கார்ந்து பேசலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். நோட்டு அப்படிப்பட்டதன்று. அது மகளின் உள்ளத்தில் ஓடிய பேச்சு, தாளில் தங்கிவிட்டது. உள்ளத்தில் தோன்றி மறையும் எண்ணங்களுக்கு, சொல்லாகவோ செயலாகவோ ஆகாத வரை, இறைவனே கணக்குக் கேட்பதில்லை என்பது நம் நம்பிக்கை. அவன் கேளாத கணக்கை வாப்பா கேட்கலாமா?

எழுதியதும் சொல்லாகிவிட்டதே என்று ஃபிக்ஹு அறிந்தோர் மடக்கலாம். மெய்தான். பிறரைப் பார்த்து எழுதியது சொல்தான். தன்னைத் தவிர எவருக்கும் எழுதாதது பாதிச் சொல் என்றே நாம் கருதுகிறோம். மாற்றுக் கருத்துடையோர் இருக்கலாம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் ஒரு வீட்டுச் சுவரேறி உள்ளே இறங்கி, அங்கே மது அருந்திக்கொண்டிருந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்த நிகழ்ச்சி நம் நூல்களில் வழங்கிவருகிறது. நான் ஒரு குற்றம் செய்தேன், தாங்கள் மூன்று செய்தீர்கள் என்று அவன் அடுக்கினானாம்: துருவிப் பார்த்தது, வாசல் வழியே வராதது, ஸலாம் சொல்லி அனுமதி பெறாமல் நுழைந்தது. அவன் குற்றம் மெய்யாகவே குற்றம். ஆயினும் கலீஃபா அவனை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். சுவரேறி வந்த அறிவைக் கொண்டு தீர்ப்பளிக்க அவர்கள் விரும்பவில்லை. இன்று நாம் பிள்ளைகளின் கைபேசியை அவர்கள் உறங்கும் வேளையில் எடுத்துப் பார்க்கிறோமே, அது எந்தச் சுவர்?

ஆபத்து கதவைத் தட்டும் வேளை வேறு. எவனோ மிரட்டுகிறான், பெண் அஞ்சி உண்ணாமல் கிடக்கிறாள், தன் உயிருக்கே ஊறு தேடிக்கொள்வாளோ என்ற நிலை. அப்போது கதவை உடைத்தாயினும் உள்ளே போக வேண்டியதுதான். தீப்பற்றிய வீட்டில் அனுமதி கேட்டு நிற்பவர் உண்டோ? ஆனால் தீ இல்லாத வீட்டில் நாள்தோறும் கதவை உடைப்பவர், தீப்பற்றும் நாளில் அழைக்கப்பட மாட்டார்.

நாவலில் வரும் தகப்பனாரையும் நாம் முன்மாதிரி என்று சொல்லிவிட முடியாது. நல்லவர், அன்பானவர், பெட்டியைத் திறக்காதவர். ஆனால் மகளின் வாழ்வில் இவ்வளவு நடந்தும் அவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. தாய் இருந்த இடம் வெறுமையாகி, அதை மூத்த மகள் நிரப்பியும், யாரிடம் பேசுவது என்று தெரியாத பெண்தான் தாளிடம் பேசினாள். பெட்டியைத் திறக்காதிருப்பது ஒரு கடமை என்றால், பெட்டியின் துணை வேண்டாதபடி மகளிடம் பேசிக்கொண்டிருப்பது மற்றொரு கடமை. முதலாவதில் அவர் தேறினார், இரண்டாவதில் தடுமாறினார். நம்மில் பலர் இரண்டாவதைச் செய்யாத குறையை முதலாவதை மீறித் தீர்க்கப் பார்க்கிறோம்.

நம்மிடம் வந்த அத்தகப்பனார் மகளின் படிப்பை நிறுத்தவில்லை. நோட்டைப் படித்ததையும் அவளிடம் சொல்லிவிட்டார். அவள் அழவில்லையாம், சண்டையும் போடவில்லையாம். புத்தகத்தைப் பற்றி இருவரும் ஒரு நாள் முழுக்கப் பேசினார்களாம். பாதிக்கு மேல் வாக்குவாதம். ஆறு மாதம் கழித்து அவரைப் பள்ளிவாசலில் கண்டபோது, “நன்றாகப் படிக்கிறாள், ஹஜ்ரத். நோட்டில்தான் இப்போது ஒன்றும் எழுதுவதில்லை” என்றார்.

லாரா ஜீன் எழுதுவதை நிறுத்தவில்லை. ஐந்து மடல்களால் அத்தனை அல்லல்பட்ட பின்பும், நாவலின் இறுதியில் அவள் பீட்டருக்கு ஒரு மடல் எழுத உட்காருகிறாள். இம்முறை தங்கை கையில் அது அகப்படாது. எழுதி முடித்தபின் அனுப்புவதும் பெட்டியில் வைப்பதும் அவள் பாடு.